ஜெபத்துக்கு எத்தனை நிமிடம், டீச்சர்?

வாசகர் கேள்வி – ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையின் பதில்

தொடக்கப் பள்ளியில் தினமும் நடக்கும் காலை ஜெபம் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் எட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் 1985-இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, 2019-இல் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். 34 வருடமும் கிறிஸ்தவ சபை நடத்துகிற, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில்தான். பாதிக் காலம் கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோட்டு ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில், மீதி குளச்சல் பக்கம். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் 1 முதல் 5 வரை 58 பிள்ளைகள். காலை ஜெபம் 40 நிமிடம் வரை போகிறது. இரண்டு பாட்டு, வேதவாசிப்பு, செய்தி, நீண்ட ஜெபம். சபை ஊழியர் (பிரசங்கியார்) யாராவது வந்துவிட்டால் அவரும் பேசுவார். முதல் பாடவேளையே போய்விடுகிறது. குறைத்தால் தாளாளர் வருத்தப்படுவாரோ என்று பயம். எவ்வளவு நேரம் சரி?
– புதிதாகப் பொறுப்பேற்ற தலைமையாசிரியை, அருமனை பக்கம்

பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

ஆறு வயதுப் பிள்ளை நின்ற இடத்தில் நிற்பதே பெரிய காரியம். பதினைந்தாவது நிமிடத்தில் முன்வரிசையைப் பாருங்கள். ஒருத்தி ரிப்பனைப் பிரித்துக்கொண்டிருப்பாள், ஒருவன் பெருவிரலால் மண்ணில் குழி தோண்டிக்கொண்டிருப்பான். அவர்கள் மேல் குற்றமில்லை. நாம்தான் அவர்களை ஜெபத்திலிருந்து வெளியே அனுப்பிவிட்டோம்.

நான் வைத்திருந்த முறையைச் சொல்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்தும் உறுதிமொழியும் முடிந்தவுடன் ஒரே ஒரு பாட்டு. பாட்டை ஆசிரியர் எடுக்கக் கூடாது. குறிப்பாக ஆண் ஆசிரியர் எடுத்தால் அந்தச் சுருதி பிள்ளைகளுக்கு மிகவும் கீழே கிடக்கும். பாவம், அடித்தொண்டையில் முனகுவார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எடுத்துக் கொடுக்கட்டும், மற்றப் பிள்ளைகள் தானாக மேலே ஏறிப் பாடுவார்கள். அப்புறம் ஒரு வசனம். அதை முந்தின நாளே ஒரு பிள்ளையிடம் கொடுத்து, வீட்டில் வாசித்துப் பழகி வரச் சொல்ல வேண்டும். அந்த வசனத்தை ஒட்டி இரண்டு நிமிடக் கதை. அப்புறம் அரை நிமிடம் சும்மா இருப்பது.

இந்த அரை நிமிடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மலையோரப் பள்ளியில் முதல் நாள் அதைச் செய்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். “சரி மக்களே, என்ன சத்தம் கேட்டுது, சொல்லுங்க” என்றேன். காக்கா, பஸ், பக்கத்து வீட்டில் ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின் உருளுவது. ஒரு பொடியன், “எனக்க வயித்துல சத்தம் கேட்டுது டீச்சர்” என்றான். அவன் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தான். அன்றைக்குத்தான் எனக்கே அது தெரிந்தது. அதிலிருந்து அலமாரியில் எப்போதும் ஒரு பொட்டலம் ரொட்டி இருக்கும். இப்போது 2024 ஜூலையிலிருந்து ஊர்ப்புறத்து அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்துவிட்டது, நல்ல காரியம். ஆனாலும் ஒரு பிள்ளை எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்த அரை நிமிடம் உதவும்.

அதன் பிறகு ஒரு பிள்ளை தன் சொந்த வார்த்தையில் ஜெபம் பண்ண வேண்டும். எழுதிக் கொடுக்காதீர்கள், திருத்தாதீர்கள். ஜூன் மாதம் ஒரு காலை, பால் வெட்டுகிறவரின் மகன் “இன்னைக்கு மழை பெய்யக் கூடாது ஆண்டவரே” என்று ஜெபித்தான். மழை பெய்தால் ரப்பர் பால் வெட்ட முடியாது, அப்பாவுக்கு அன்றைய கூலி இல்லை. அடுத்த முறை வந்த பெண்ணின் வீட்டில் நாற்றுப் பாவியிருந்தார்கள். அவள் “நல்ல மழை வேணும்” என்றாள். இரண்டுக்கும் எல்லாப் பிள்ளைகளும் சத்தமாக ஆமென் சொன்னார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து, “ரெண்டுக்கும் ஆமென் சொன்னது கள்ளமா டீச்சர்?” என்று கேட்டாள். அன்று கணக்கு வகுப்பில் கணக்கு நடக்கவில்லை. பால் வெட்டு என்றால் என்ன, நாற்று என்றால் என்ன, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தேவையானது நமக்கு இடைஞ்சலாக இருந்தால் என்ன செய்வது என்று பேசிக்கொண்டே இருந்தோம். நாற்பது நிமிடப் பிரசங்கத்தில் இது வராது.

தாளாளரைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு நாள் அவரை அழைத்து மேடையில் உட்கார வைக்காமல், ஒன்றாம் வகுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்க வையுங்கள். வருகிற ஊழியர்களுக்கு மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அதுவும் ஐந்து நிமிடம் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். என் அனுபவத்தில் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

எங்கள் பள்ளியில் எண்பது பிள்ளைகள். பள்ளி ஜெபத்துக்கு மைக் செட் வாங்கித் தருகிறோம் என்று பழைய மாணவர்கள் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– ஆசிரியர், கருங்கல்

வேண்டாம். எண்பது பிள்ளைகளுக்கு மைக் எதற்கு? மைக்கில் பேசத் தொடங்கினால் பிள்ளை பெரியவர்களைப் போலப் பேசும், பக்கத்தில் நிற்பவனிடம் பேசுகிற குரல் போய்விடும். தெருவில் இருப்பவர்கள் உங்கள் ஜெபத்துக்குச் சம்மதம் தரவும் இல்லை. அந்தப் பணத்தில் குடிதண்ணீர்த் தொட்டியைச் சரி பண்ணச் சொல்லுங்கள்.

நாங்கள் இந்துக்கள். மகள் சபைப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள், குறை இல்லை. ஆனால் சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் கிறிஸ்தவக் கீர்த்தனை பாடுகிறாள். என் அம்மாவுக்கு மனவருத்தம். ஜெபத்தில் நிற்க வைக்க வேண்டாம் என்று கேட்க எனக்கு உரிமை உண்டா? கேட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தகப்பனார், தக்கலை

உரிமை உண்டு. சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு மூன்று வகைப் பள்ளிகளைப் பற்றிப் பேசுகிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் சமய போதனையே கூடாது. சமய போதனை வேண்டும் என்று சொல்கிற அறக்கட்டளையின் கீழ் ஏற்பட்டு அரசு நிர்வகிக்கிற பள்ளிக்கு ஒரு விலக்கு. மூன்றாவது உட்பிரிவுதான் உங்களுக்குரியது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதி பெறுகிற எந்தப் பள்ளியிலும், காப்பாளரின் சம்மதம் இல்லாமல் ஒரு சிறுவரைச் சமய போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குப் பள்ளி நடத்த உரிமை தருகிறது. அந்த உரிமையை வைத்து உங்கள் பிள்ளையின் உரிமையை மறைக்க முடியாது. இரண்டும் ஒரே அரசியல் சட்டத்தில் இருக்கின்றன.

பக்கத்துக் கேரளத்தில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 1985-இல் யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்தைச் சேர்ந்த மூன்று உடன்பிறப்புகள், தேசியகீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் விசுவாசத்தின்படி பாடவில்லை. பள்ளியிலிருந்து வெளியேற்றினார்கள். 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நாட்டின் கீதத்துக்கே வாயைத் திறக்கக் கட்டாயம் இல்லை என்றால், எங்கள் கீர்த்தனைக்கு எப்படிக் கட்டாயம் இருக்க முடியும்?

சரி, சட்டத்தை விடுங்கள். பிள்ளையை ஒதுக்குவார்களா என்பதுதானே உங்கள் பயம்? இதில் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த நான்காம் வருடம் என்று நினைவு. ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன், அய்யா வைகுண்டரை வழிபடுகிற அய்யாவழிக் குடும்பம், தினமும் நெற்றியில் வெள்ளை நாமத்தோடு வருவான். ஜெபத்தில் கண்ணை மூடவே மாட்டான். நான் இரண்டு நாள் சொன்னேன், மூன்றாம் நாள் “வெளியே நில்லு” என்றேன். கிணற்றடியில் நின்றான். மறுநாள் அவன் பாட்டி வந்தார், கையில் ஒரு பொட்டலம் அவித்த மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு). என்னோடு சண்டை போடவில்லை. “டீச்சரே, இவனுக்க பாட்டா செத்துக் கெடந்தத இவன் பாத்துட்டான். கண்ண அடைச்சா தானும் அப்பிடி ஆயிருவேன்னு பயம். ராத்திரி உறங்கவே மாட்டேங்கான்” என்றார். மரச்சீனிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு 30 வருடம் எந்தப் பிள்ளையிடமும் “கண்ணை மூடு” என்று நான் சொன்னதில்லை. கண் மூடுவது, கை கூப்புவது, ஆமென் சொல்வது எல்லாம் பிள்ளையின் விருப்பம். ஜூன் மாதச் சேர்க்கையின்போது பெற்றோரிடம் ஒரு தாளில் கேட்டுக் கையெழுத்து வாங்கத் தொடங்கினேன்: காலை ஜெபத்தில் உங்கள் பிள்ளை நிற்கலாமா, வேண்டாமா? பெரும்பாலும் நிற்கட்டும் என்றே எழுதினார்கள். வேண்டாம் என்று எழுதிய வீட்டுப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தவில்லை. ஒரு டீச்சரோடு வகுப்பில் இருந்து கதைப் புத்தகம் வாசிப்பார்கள், படம் வரைவார்கள். தேசியகீதத்துக்கு எல்லோரோடும் வந்து சேர்ந்துகொள்வார்கள். அந்தப் பிள்ளைகளை மற்றவர்கள் பொறாமையோடு பார்த்தார்களே தவிர யாரும் ஒதுக்கவில்லை.

நீங்கள் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். வாசலில் நின்று பேசாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள். பிள்ளை அந்தப் பன்னிரண்டு நிமிடம் எங்கே, யாரோடு இருப்பாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அதுதான் முக்கியம்.

உங்கள் அம்மாவிடம் நான் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். எங்கள் பள்ளியில் உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இருந்தான், முஸ்லிம் பிள்ளை, பீர் முகம்மது அப்பா தர்கா பக்கத்தில் வீடு. பெற்றோர் நிற்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். ஜெபத்தின்போது இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்பான், முடிந்ததும் உள்ளங்கையால் முகத்தைத் தடவுவான். கொஞ்ச நாளில் ஒன்றாம் வகுப்பு முழுக்க முகத்தைத் தடவ ஆரம்பித்துவிட்டது. சபையில் ஒருவர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். நான் தடுக்கவில்லை. கிறிஸ்தவப் பிள்ளை முகத்தைத் தடவியதால் அதன் விசுவாசம் குறையவில்லை, உங்கள் பேத்தி விளக்கடியில் ஒரு பாட்டுப் பாடுவதால் உங்கள் விளக்கும் அணையாது. அவளுக்கு உங்கள் பாட்டையும் சொல்லிக்கொடுங்கள், இரண்டையும் பாடட்டும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், தாளில் எழுதிக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

பள்ளி ஜெபம் என்பதே மதம் மாற்றக் கொண்டுவந்த ஏற்பாடுதான் என்று நண்பன் வாதிடுகிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

உன் நண்பன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம் மகளே. 1806-இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபேயும், 1818-இல் நாகர்கோவிலுக்கு வந்த சார்லஸ் மீட்டும் சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார்கள். ஒளித்துச் செய்யவில்லை. வேதத்தை வாசிக்க எழுத்துத் தெரிய வேண்டும், அதனால் ஆலயம் எழும்பிய இடத்தில் பள்ளிக்கூடமும் எழும்பியது. பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்த அதே ஓலைக் கொட்டகைதான் திங்கட்கிழமை வகுப்பறை. பள்ளியின் காலை ஜெபமும் அந்த வழியாகத்தான் வந்தது.

மீதிப் பாதியையும் அவனிடம் சொல். அந்தக் கொட்டகைக்குள் யாருடைய பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்? தெருவில் நடக்கவே தடை இருந்தவர்களின் பிள்ளைகள். தோளில் சீலை போட்டதற்காகப் பெண்களை அடித்த காலம் அது. 1859-இல்தான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்திக்கொள்ள அனுமதித்து அறிக்கை விட்டது. அப்படிப்பட்ட நாளில், காலையில் வரிசையில் நிற்க வைத்து, “உன்னையும் கடவுள்தான் படைத்தார்” என்று ஒரு பெண்பிள்ளையிடம் சொல்வது சாதாரணக் காரியம் இல்லை. என் பாட்டியின் அம்மா அப்படி ஒரு பள்ளியில் மூன்று வருடம் படித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவரால்தான் எங்கள் குடும்பத்தில் பெண்கள் எழுத்துக் கற்றோம்.

ஆனால் அந்த நன்றியை வைத்துக்கொண்டு இன்றைக்கு ஒரு பிள்ளையை வளைக்கக் கூடாது, அதில் எனக்குச் சமரசம் இல்லை. 1982 மார்ச்சில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மண்டைக்காட்டுக் கலவரம் நடந்தபோது எனக்கு இருபது வயது, ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். எங்கள் வீட்டுக்குத் தினமும் பால் கொண்டுவந்த இந்து அக்கா ஒரு மாதம் வரவில்லை. எதிரெதிரே கண்டால் இருவரும் தலையைக் குனிந்துகொண்டோம். பிறகு ஒரு நாள் அவரே வந்து, வாசலில் செம்பை வைத்துவிட்டு அழுதார். நான் டீச்சர் ஆனபோது அவர் பேரன் என் வகுப்பில் இருந்தான். காலை ஜெபத்தில் என் வாயிலிருந்து வருகிற ஒரு சொல்கூட அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ச் சொல்லக் கூச்சப்படுகிறதாக இருக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். மற்றவர்களின் சாமியைக் குறைத்துப் பேசுகிற பாட்டு, கதை எதுவும் என் பள்ளியில் வராது. அப்படி ஒரு வரி இருந்தால் பாட்டையே மாற்றிவிடுவேன்.

மகள் குடும்பம் இங்கிலாந்தில் இருக்கிறது. பேரனுக்கு ஆறு வயது. அங்கே பள்ளியில் தினமும் வழிபாடு உண்டாம், அதுவும் சட்டப்படியாம். நிஜமா? ஆலயத்துக்கே போகாத நாடு என்றல்லவா சொல்கிறார்கள்?
– ஒரு தாத்தா, மார்த்தாண்டம்

நிஜம்தான். என் தங்கை மகளும் அங்கே ஒரு பள்ளியில் உதவியாளராக இருக்கிறாள், அவளிடம் நான் இதை நிறையக் கேட்டிருக்கிறேன். 1944-இல் வந்த கல்விச் சட்டம், அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் ஒவ்வொரு நாளும் கூட்டு வழிபாட்டோடு தொடங்க வேண்டும் என்று சொன்னது. 1988-இல் அதை மாற்றி எழுதினார்கள். வழிபாடு நாளின் எந்த நேரத்திலும் இருக்கலாம், ஆனால் சபை சாராத பள்ளிகளிலும் அது பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மை உள்ளதாக இருக்க வேண்டும். வேறு சமயப் பிள்ளைகள் அதிகம் இருக்கிற பள்ளி, உள்ளூர் ஆலோசனைக் குழுவிடம் கேட்டு அந்த நிபந்தனையிலிருந்து விலக்கு வாங்கலாம். அங்கே தொடக்கப் பள்ளிகளில் நாலில் ஒரு பங்கு இங்கிலாந்துத் திருச்சபையினுடையவை. அவற்றில் சபை முறைப்படி வழிபாடு நடக்கும். எந்தப் பெற்றோரும் காரணம் சொல்லாமலே பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம்.

நமக்கும் அவர்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே வழிபாடு நடத்துவது பள்ளியின் கடமை, வேண்டாம் என்றால் பெற்றோர் போய்ச் சொல்ல வேண்டும். இங்கே சட்டப்படி பெற்றோர் சம்மதம் முதலில் வர வேண்டும். நம் சட்டம் இந்த விஷயத்தில் பிள்ளைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கிறது என்பது என் எண்ணம். நடைமுறையில் நம் பள்ளிகள் பல அந்தச் சம்மதத்தைக் கேட்பதே இல்லை, அது எனக்குப் பெரிய மனக்குறை.

பேரனிடம் போனில் பேசும்போது, இன்று என்ன பாட்டுப் பாடினாய் என்று கேளுங்கள். மெழுகுவர்த்தி ஏற்றினார்களா என்றும் கேளுங்கள். பல பள்ளிகளில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருப்பார்களாம். இங்கிலாந்துத் திருச்சபை தன் பள்ளிகளுக்குத் தந்திருக்கும் வழிகாட்டுதலும், வழிபாடு பிள்ளைகளுக்கு ஓர் அழைப்பாக இருக்க வேண்டும், கட்டாயம் கூடாது என்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). பிள்ளை படிப்பது சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பள்ளியில். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை வீட்டில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி சொல்கிறான், நடுவில் குழப்பிக்கொள்கிறான். எதைப் பழக்குவது?
– ஒரு அம்மா, முளகுமூடு

இரண்டையும். எங்கள் குளச்சல் பக்கத்துப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் ஆர்.சி. ஒரு வரிசை “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்கும், அதே வரிசையில் பக்கத்தில் நிற்பவன் “விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே” என்பான். கடைசியில் ஆர்.சி. பிள்ளைகள் தீமையிலிருந்து விடுவித்தருளும் என்பதோடு நிறுத்தி ஆமென் சொல்லிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் பாக்கி இருக்கும். ஆக தினமும் இரண்டு ஆமென். புதிதாக வந்த ஓர் ஆசிரியர் எல்லோரையும் ஒரே வார்த்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்றார். நான், முதல் ஆமென் சொன்னவர்கள் அமைதியாக நின்று மற்றவர்களுக்காகக் காத்திருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். ஏழு வயதில் ஒருவன் அடுத்தவன் ஜெபம் முடியும்வரை காத்திருக்கப் படித்தால் போதும். வீட்டில் உங்கள் வார்த்தைகளிலேயே சொல்லிக்கொடுங்கள், குழப்பம் தானாகத் தெளியும்.

வசனம் மனப்பாடம் சொல்லாத பிள்ளைகளை அடிக்கலாமா?
– பெயர் வேண்டாம்

கூடாது. எதற்குமே அடிக்கக் கூடாது. தேவனுடைய வார்த்தையைச் சொல்ல அடிப்பது இன்னும் மோசம். அதற்கு மதிப்பெண் போடுவதையும் நிறுத்துங்கள்.

என் கணவர் கடலுக்குப் போகிறவர். மகன் மூன்றாம் வகுப்பு. பள்ளி ஜெபத்தில் “கேளுங்கள், கொடுக்கப்படும்” என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் என் கொழுந்தன் கடலில் போய்விட்டார். தேடின நாட்களில் இவன் தினமும் பள்ளியில் ஜெபம் பண்ணியிருக்கிறான். இப்போது “நான் கேட்டேனே அம்மா, ஏன் தரல்ல” என்று அழுகிறான். காலை ஜெபத்துக்கு வரிசையில் நிற்க மாட்டேன் என்கிறான். டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்கு இப்படியெல்லாம் சொல்லிக்கொடுக்கலாமா?
– ஒரு அம்மா, கடியபட்டணம்

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று நாள் மேசையிலேயே வைத்திருந்தேன்.

ஓகி புயல் அடித்தது 2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. பள்ளி திறந்ததும் முதல் காலை, பிள்ளைகள் பாதிப்பேர் வரவில்லை. தென்னை ஒன்று விழுந்து கழிப்பறைச் சுவர் இடிந்து கிடந்தது, கரண்ட் இல்லை. நான்காம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அவள் அம்மா வீடு சின்னத்துறை. அப்பா அங்கிருந்து போன படகில் இருந்தார். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்திலிருந்து போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்று ஜெபம் பண்ண யார் முறை என்றுகூட நினைவில்லை. அவள் தானாக முன்னால் வந்து நின்று, “அப்பா திரும்பி வரணும்” என்றாள். அவ்வளவுதான் ஜெபம். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும். மற்றப் பிள்ளைகள் தங்கள் முறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள், நான் சொல்லவில்லை. அந்த நாட்களில் ஒரு வாக்குறுதி வசனத்தையும் நான் வாசிக்கவிடவில்லை. விசுவாசம் இல்லாமல் இல்லை. அந்த வசனத்தை அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றிய நேரமெல்லாம், “நாங்க எல்லாரும் உன் கூட இருக்கோம் மக்களே” என்பதை மட்டும் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தது. ஜனவரியில் பள்ளி திறந்தபோது அவள் வந்தாள். அதற்குள் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. முன்னால் வந்து நின்றாள், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அப்பாக்குக் குளிராம இருக்கணும்” என்றாள். நான் ஆமென் சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் சொன்னார்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த வசனத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம், ஆனால் கடையில் காசு கொடுத்து மிட்டாய் வாங்குகிற மாதிரி சொல்லக் கூடாது. கேட்டது கிடைக்காமல் போன பெரியவர்களின் கதையும் வேதத்தில் நிறைய இருக்கிறது. சங்கீதங்கள் பலவும் அழுகைதான், கடவுளிடமே ஏன் என்று கேட்கிற அழுகை. அதையும் காலை ஜெபத்தில் வாசிக்க வேண்டும். எப்போதும் சந்தோஷப் பாட்டே பாடுகிற பள்ளியில், துக்கத்தோடு வருகிற பிள்ளைக்கு நிற்க இடம் இல்லாமல் போகும். உங்கள் மகனுக்கு நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

அவனை இப்போது வரிசையில் நிற்கக் கட்டாயப்படுத்தாதீர்கள், பள்ளியும் கட்டாயப்படுத்த விடாதீர்கள். நீங்கள் கிறிஸ்தவர்களாக இருந்தாலும் 28-ஆம் பிரிவு உங்களுக்கும் உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருக்கட்டும். “ஏன் தரல்ல” என்று அவன் கேட்பதே ஜெபம்தான் என்று அவனிடம் சொல்லுங்கள். வீட்டில் சித்தப்பாவின் வலை, சட்டை ஏதாவது இருந்தால் அவன் கண்ணில் படுகிற மாதிரியே இருக்கட்டும், எடுத்து மறைக்க வேண்டாம். அவரைப் பற்றி அவன் பேசும்போது பேச்சை மாற்றாதீர்கள். ஒரு நாள் தானாக வரிசைக்குப் போவான், போகாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் பொறுமையாக இருங்கள்.

வகுப்பு டீச்சரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருக்கலாம், நானும் தடுமாறியவள்தான். எந்தப் பள்ளி என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள் அம்மா. எனக்கு இப்போது வேலை ஒன்றும் இல்லை, ஒரு நாள் பஸ் ஏறி வந்து அவனோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.